கேட்டுக்கு வெளியே வைத்த அடுப்பு

பள்ளிக்கூடத்துக்குள்ளேயே குடியிருக்கிறவன் வேலைநிறுத்தம் செய்வதென்றால் எங்கே போய் நிற்பான்? மற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. வீட்டிலிருந்து புறப்பட்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றால் ஆயிற்று. வாட்ச்மேனுக்கு வீடே கேட்டுக்கு உள்ளேதான். நுழைந்ததும் இடது கைப் பக்கம், சைக்கிள் கொட்டகையை ஒட்டி, சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அதில் அவர், அவர் மனைவி, அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். ராத்திரி எவனாவது கேட்டைத் தட்டினால் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விழிப்பு வரும்.

வாட்ச்மேன் வேலை என்றால் காவல் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் அரசுப் பள்ளிக்கூடம் எதையும் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. விடிவதற்குள் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்ப வேண்டும். மணி அடிக்க வேண்டும். கால் உடைந்த பெஞ்சுக்கு ஆணி அடிப்பதும், விளையாட்டு மைதானத்தில் படுத்திருக்கும் நாய்களை விரட்டுவதும், மயங்கி விழுந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அவர்தான். இதில் எதைச் செய்யச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே பதில்: "சரிங்கய்யா." சொல்கிறவர் பெண்ணாக இருந்தால் "சரிங்கம்மா." மனுஷனுக்கு வேறு வார்த்தை தெரியாதோ என்று சந்தேகப்படும்படி அப்படி ஒரு சரி.

மனைவி அங்கேயே துப்புரவுப் பணியாளர். நியமன உத்தரவில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்புப் பொடியன் முதல் தலைமை ஆசிரியர் வரை எல்லாருக்கும் அவள் ஆயா. நாற்பது வயதுக்காரியை, ஓய்வு பெறப்போகும் டீச்சர்கள்கூட ஆயா என்று கூப்பிட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பழகாதது கழிப்பறைதான். எத்தனை வருஷம் கழுவினாலும், காலையில் முதல் வாளித் தண்ணீரை வீசும்போது அந்த வாடை புதிதாகவே மூக்கில் ஏறும். அதை முடித்துவிட்டு வகுப்பறைகள். கடைசி பெஞ்சிலிருந்து கூட்டிக்கொண்டே முன்னால் வருவாள். பென்சில் சீவல், கசக்கிய காகிதம், பாதி கடித்த பன். கரும்பலகைக்குக் கீழே குவிந்திருக்கும் சாக்பீஸ் தூளை வாயில் துணி கட்டிக்கொண்டு துடைப்பாள். அப்படியும் பத்து மணி வரை இருமல் நிற்காது.

அந்த வருஷம் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு செய்தி வந்தது. காவல், துப்புரவு, சமையல் மூன்றையும் ஒரு ஏஜென்ஸியிடம் கொடுத்துவிடப் போகிறார்கள். இருக்கிறவர்கள் வேலையிலிருந்து நின்றுகொண்டு, விருப்பமிருந்தால் ஏஜென்ஸியில் புதிதாகச் சேரலாம். சம்பளம் பாதி. பிடிக்கவில்லையென்றால் மறுநாளே போகச் சொல்லலாம். குடியிருக்க அறை கிடையாது. விருப்பமிருந்தால் என்று போட்டிருந்தார்களே, அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது?

பணியாளர் சங்கத்துக்கு அங்கே தலைவி, மதியச் சாப்பாடு சமைக்கிற பெண். சமையலக்கா என்பார்கள். அண்டாவில் கரண்டி போட்டுக் கிண்டிக் கிண்டிக் கையும் குரலும் கனத்துப் போனவள். "திங்கக்கிழமையிலிருந்து ஒருத்தரும் உள்ள போகக் கூடாது" என்றாள். ஊரில் இருந்த மற்றப் பள்ளிக்கூடங்களிலும் அதே முடிவு. ஆனால் பணியாளர்கள் மட்டும் வெளியே நின்றால் பள்ளிக்கூடம் நாறும், நிற்காது. ஆசிரியர்களும் வராவிட்டால்தான் நிற்கும். ஆகவே ஆசிரியர் சங்கத்திடம் கேட்டார்கள்.

ஆசிரியர் சங்கம் ஸ்டாஃப் ரூமில் கூடிப் பேசியது. பேசியவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்றால், ஆயாதான். தட்டோடு ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பரீட்சை நெருங்குகிறது என்றார் ஒருவர். டிரான்ஸ்பர் போட்டுவிடுவார்கள் என்றார் இன்னொருவர். ஏஜென்ஸி வந்தாலாவது கழிப்பறை சுத்தமாக இருக்குமா என்று கேட்டவர், ஆயா நிற்பதைப் பார்த்துவிட்டு டீயை ஊதிக் குடித்தார். கடைசியில் செயலாளரான கணக்கு வாத்தியார் வெளியே வந்து அவளிடம் முடிவைச் சொன்னார்.

"ஆயா, எங்க சங்கத்தோட முழு தார்மீக ஆதரவு உங்களுக்கு உண்டு."

"அப்படின்னா என்ன சார்?"

"அதாவது, மனசளவுல நாங்க உங்க பக்கம்."

"உடம்பு?"

"என்னது?"

"மனசு எங்க பக்கம். சரி. உடம்பு எங்க சார் இருக்கும்?"

கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிளாஸ்லதான் இருக்கும். பசங்க பரீட்சையையும் பாக்கணுமில்ல. ஆனா எல்லாரும் கறுப்பு பேட்ஜ் குத்திக்குவோம்."

"போன தடவை உங்க பென்ஷனுக்காக நீங்க ரோட்டுல உக்காந்தப்ப நாங்க உடம்போடதான் சார் வந்தோம். நான் குடத்துல தண்ணி தூக்கி ஊத்தினேன். எங்க வீட்டுக்காரரு உங்களோட லாரியில ஏறி ஜெயிலுக்கே வந்தாரு. மனசை வீட்டுல விட்டுட்டு வந்தோமான்னு எனக்கு ஞாபகம் இல்ல."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. அவருடைய டிபன் பாக்ஸை அவரே கழுவிக்கொள்வார், அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவே பெரிய விஷயம். ஆனால் நல்ல மனுஷன் என்பதற்காக எல்லா நேரமும் விட்டுவிட முடியுமா? ஆயா காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அன்றைக்கு டம்ளர்களைக் கொஞ்சம் பலமாகவே தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்வி அதிகாரி காரில் வந்து இறங்கினார். அறைக்கு வெளியே நின்றபடியே வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வழக்கம்போலக் கேட்டைத் திறந்து வச்சிடு. டீச்சர்ஸ் எல்லாம் உள்ள வந்துடுவாங்க. கிளாஸ் நடந்துட்டா உங்க ஸ்ட்ரைக் ரெண்டு நாள் தாங்காது. நீ திறந்தேன்னா இந்த ரூம் உனக்குத்தான். வேலையும் போகாது, உன் ஒருத்தனை மட்டும் ஏஜென்ஸி பக்கம் தள்ளாம நான் பாத்துக்கறேன். திறக்கலேன்னு வை, நாளைக்குச் சாயங்காலமே உன் சட்டி பானையெல்லாம் ரோட்டுல கிடக்கும். பொண்ணு வேற பன்னிரண்டாவது. யோசிச்சுக்கோ."

"சரிங்கய்யா" என்றார் வாட்ச்மேன். வாய் தானாகச் சொன்னது. எதற்குச் சரி சொன்னோம் என்பது கார் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சாயங்காலம் மழை வருவதுபோல மூடிக்கொண்டு வந்து, ஏமாற்றிவிட்டு நின்றது. அறைக்குள் ஒரே புழுக்கம். மகள் கட்டிலில் புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். ஆயா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள்.

"என்ன சொல்லிட்டுப் போறாரு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா ஞாயித்துக்கிழமை கார் போட்டுக்கிட்டு வந்தாரு?"

வாட்ச்மேன் சொன்னார். மென்று மென்று சொன்னார். 'உன் ஒருத்தனை மட்டும்' என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது.

"ஒருத்தனைன்னா உங்களை. அப்ப நான்?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை. "உனக்கும் சேத்துக் கேட்டுப் பாக்கறேன்."

"சரி, எனக்கும் குடுத்துட்டாருன்னே வச்சுக்குவோம். சமையலக்காவுக்கு?"

"ஊரு உலகத்துக்கெல்லாம் நாம பொறுப்பாக முடியுமா?"

"அவ நமக்குப் பொறுப்பானாளே. உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்துக் கிடந்தீங்க. லீவு சொல்லலேன்னு வேலையை விட்டு எடுத்தாங்க. அப்ப எந்த அய்யா வந்து வாசல்ல நின்னாரு? அவதான் அடுப்புல கிடந்த சோத்தை இறக்கி வச்சிட்டு, சங்கத்து ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு ஆபீஸ் முன்னால போய் உக்காந்தா. இன்னைக்கு நீங்க மீசையை முறுக்கிக்கிட்டு நிக்கிற வேலை அவ வாங்கிக் குடுத்தது."

வாட்ச்மேனுக்கு மீசையை முறுக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. இருந்தாலும் கை மீசைக்குப் போய்த் திரும்பியது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா?" என்றாள் மகள். "நாளைக்கு எனக்குக் கணக்கு டெஸ்ட்."

"நாளைக்கு ஸ்ட்ரைக்குடி."

"ஸ்ட்ரைக் உங்களுக்கு. டெஸ்ட் எனக்கு. ரூம் போயிடுச்சுன்னா நான் எங்க உக்காந்து படிக்கிறது, பஸ் ஸ்டாண்டுலயா? பரீட்சை வரைக்குமாவது அந்தக் கேட்டைத் திறந்து தொலைங்களேன். அதுக்கப்புறம் என்ன வேணாலும் பண்ணுங்க."

"படிச்சு என்னவாகப் போற?"

"டீச்சர். எத்தனை தடவை சொல்றது?"

"ஆகு. நல்லா ஆகு. ஆனா நீ கிளாஸ்ல பாடம் நடத்தறப்ப, உன்னைப் பெத்தவ மாதிரி எவளோ ஒருத்தி வெளிய வெயில்ல நிப்பா. நீ உள்ள இருந்து மனசளவுல ஆதரவு குடுத்துக்கிட்டு இருப்ப."

மகள் புத்தகத்தைப் படாரென்று மூடினாள். அழுகைதான் வந்தது, அதையும் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள்.

ஆயா முறத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க. அவரு என்ன சொல்லிப் பயமுறுத்தறாரு? சாமானை ரோட்டுல வைப்பேன்னுதானே?"

"ஆமா."

"நாமளே வச்சிட்டா?"

"என்னது?"

"நாமளே எடுத்துக் கேட்டுக்கு வெளிய வச்சிட்டா, அப்புறம் அவரு எதைச் சொல்லிப் பயமுறுத்துவாரு?"

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"இந்த ரூமுக்குள்ள படுத்துக்கிட்டு ஸ்ட்ரைக் பண்ண முடியாதுங்க. ராத்திரி பூரா நீங்க சரிங்கய்யா சரிங்கய்யான்னு பொலம்பிக்கிட்டே கிடப்பீங்க. வெளிய போயிட்டா இழக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. நிம்மதியா நிக்கலாம்."

வாட்ச்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை. பொழுது புலர்ந்தபோது அவள் பாயைச் சுருட்டினாள், தகரப்பெட்டியை இழுத்தாள். அவர் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பலகைக் கட்டிலை மட்டும் அவளால் தனியாக அசைக்க முடியவில்லை. ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு முக்கிக்கொண்டு நின்றாள். பாவம் என்று அவர் எழுந்து மறுமுனையைப் பிடித்தார். பிடித்த பிறகு நடக்கத்தானே வேண்டும்! நடந்தார். அப்படித்தான் வாட்ச்மேன் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார்.

அடுப்பு, குடம், தட்டுமுட்டுகள், கொடியில் கிடந்த துணிகள் எல்லாம் வெளியே வந்தன. ஒரு குடும்பம் இத்தனை வருஷம் சேர்த்தது இவ்வளவுதானா என்று பார்த்தவுடன் தெரிந்துபோயிற்று. மகள் தன் புத்தகங்களைத் தானே சுமந்து வந்தாள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு நோட்டை விரித்துக்கொண்டாள்.

சமையலக்கா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். "அடிப்பாவி! நான் கொடி பிடிக்கச் சொன்னா நீ குடியே வந்துட்டியா!" என்று ஆயாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு வாட்ச்மேனிடம் திரும்பி, "கேட்டைப் பூட்டினியா?" என்றாள்.

"பூட்டத்தான் போறேன்."

"பூட்டாத. பூட்டினா கேஸ் போடுவான். சும்மா சாத்தி மட்டும் வை. போறவங்க போகட்டும். நாம யாரையும் தடுக்கல."

எட்டரை மணிக்கு மேல் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லார் சட்டையிலும் சேலையிலும் கறுப்பு பேட்ஜ். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பின்னே? கேட்டுக்கு நேர் முன்னால் அடுப்பு எரிகிறது, உலை கொதிக்கிறது. இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் குடங்கள். உள்ளே போக வேண்டுமானால் ஒருத்தர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து வெளியேற வேண்டும்.

"வழி இருக்கு டீச்சர், வாங்க" என்றாள் ஆயா, விறகைத் தள்ளிவிட்டபடி. "அடுப்பைப் பாத்து வாங்க, சேலையில பட்டுடப் போவுது."

டீச்சர் வரவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். போகவும் மனமில்லை, உட்காரவும் துணிச்சலில்லை. கணக்கு வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். வானம் கறுத்துக்கொண்டே வந்தது. எதிர்ப்புறம் கூடிய பிள்ளைகள், இன்றைக்கு லீவுதான் என்று தாங்களே தீர்மானித்துப் பாதிப் பேர் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் கார் ஹாரன் கேட்டது.

வாட்ச்மேன் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஹாரன் கேட்டதும் டம்ளர் ஒரு பக்கம் உருண்டது. அவர் எழுந்து ஓடினார். தாழ்ப்பாளை இழுத்தார், கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் தள்ளினார். அடுப்பை ஒதுங்கிக் கார் போவதற்கு அந்தப் பக்கத்துக் குடங்களைக்கூட அவரே நகர்த்தினார். அதன்பின் ஓரமாக விறைத்து நின்று நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். கார் உள்ளே போனது.

கை நெற்றியில் இருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். சமையலக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மகள் கட்டிலிலிருந்து வாயைத் திறந்தபடி பார்த்தாள். ஆயாவின் முகத்தை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

"நான் வேணும்னு பண்ணலடி" என்றார். "காலு தானா ஓடிருச்சு."

"தெரியும்" என்றாள் அவள். திட்டியிருந்தாலாவது தேவலை.

இப்போது கேட் ஆவென்று திறந்து கிடந்தது. கார் போன தடத்தில் ஆசிரியர்கள் எல்லாரும் சிரமமில்லாமல் போகலாம். வாட்ச்மேனுக்கு அவமானத்தில் காது சிவந்தது. பெண்டாட்டி பிள்ளையைத் தெருவுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே, தெருவுக்கு வந்த காரியத்தைத் தன் கையாலேயே கெடுத்தாயிற்று.

மழையும் அப்போது பார்த்துத்தான் வர வேண்டுமா? முதலில் பெரிய பெரிய துளிகள். மறு நிமிஷம் கொட்டித் தீர்த்தது. அடுப்பு சீறியது. ஆயா உலைப்பானையை முந்தானையால் பிடித்து இறக்கினாள். மகள் புத்தகங்களை மடியில் அள்ளிக்கொண்டு குனிந்து உடம்பால் மறைத்தாள். திறந்த கேட்டுக்குள்ளே கூப்பிடு தூரத்தில் நீளமான வராந்தா, காய்ந்து போய், காலியாக. அதிகாரி அதில் வந்து நின்றார்.

"எல்லாரும் உள்ள வாங்க!" என்று கத்தினார். "ஏன் வீணா நனையறீங்க? வாங்க டீச்சர்!"

இரண்டு இளம் ஆசிரியர்கள் தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி அடி எடுத்து வைத்தார்கள். கணக்கு வாத்தியார் குடையை விரித்துக்கொண்டு கட்டிலிடம் வந்தார்.

"நீயாவது உள்ள வாம்மா. பரீட்சை வச்சிக்கிட்டுக் காய்ச்சல் வந்துடும்."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. முந்தின நாள் கேட்டைத் திறந்து தொலைக்கச் சொன்னவள்தான்.

"நீங்க போங்க சார். முதல் பீரியட் உங்களுதுதான். உள்ள பெஞ்சுங்கதான் இருக்கும், அதுங்களுக்குப் பாடம் நடத்துங்க" என்றாள். "நான் எங்க அம்மாகூட இருக்கேன்."

கணக்கு வாத்தியார் ஒரு கணம் நின்றார். பிறகு குடையை மடக்கினார். ஏன் மடக்கினார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. "கொஞ்சம் எந்திரிம்மா" என்றார். அவள் எழுந்ததும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினார். "சும்மா பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, ஆளுக்கொரு பக்கம் பிடிங்கய்யா!" என்று இளம் ஆசிரியர்களைப் பார்த்துக் கத்தினார். வகுப்பில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை. அவர்கள் திரும்பி ஓடிவந்து பிடித்தார்கள். செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் நாலாவது கால். கட்டில் தலைக்கு மேலே போயிற்று. அதன் அடியில் உலைப்பானை, தகரப்பெட்டி, புத்தகங்கள், ஆயா, மகள். இடம் போதாமல் சமையலக்காவின் பாதி உடம்பு வெளியே நனைந்தது. மற்ற ஆசிரியர்களும் வந்து சுற்றி நெருங்கி நின்று சேலையாலும் குடையாலும் இடுக்குகளை அடைத்தார்கள். கறுப்பு பேட்ஜுகளில் சாயம் போய்ச் சட்டையெல்லாம் மை.

"சார்!" என்று வராந்தாவிலிருந்து அதிகாரி கூப்பிட்டார். "நீங்க சங்கச் செயலாளர், பொறுப்பான ஆளு. நீங்களே இப்படிப் பண்ணலாமா? உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்!"

"வர முடியாது சார்!" என்று மழைக்கு மேலாகக் குரல் கொடுத்தார் கணக்கு வாத்தியார். "கை வேலையா இருக்கு!"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஆயா சிரித்த சிரிப்பு தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டிராத சிரிப்பு. பாதி அழுகையும் அதில் இருந்தது. அதனால் என்ன?

அதிகாரி வராந்தாவில் நின்றபடியே கடைசியாக வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். எல்லாரையும் விட்டுத் தள்ளி, கேட்டின் பக்கத்தில் தனியாக நனைந்துகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். "ஏய்! நீ உள்ள வா. நேத்து சொன்னதுதான் இன்னைக்கும். கேட்டைத் திறந்துட்டே, நீ நல்லவன்னு எனக்குத் தெரியும். சாமானையெல்லாம் உள்ள கொண்டு வந்து வை. ரூம் உன்னுதுதான்!"

வாட்ச்மேன் கேட்டை நோக்கி நடந்தார். சமையலக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆயா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவர் ஒரு கதவை இழுத்தார். அது தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தது. மறு கதவையும் இழுத்துச் சேர்த்தார். வெளியே நின்றபடியே கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டார். உள்ளே அதிகாரியும் அவர் காரும், வெளியே மற்ற எல்லாரும்.

"என்னடா பண்ற? என்னை வச்சுப் பூட்டறியா?"

"பூட்டலைங்க" என்றார் வாட்ச்மேன். அய்யா சேர்க்கவில்லை. "சாத்தித்தான் வச்சிருக்கேன். வெளிய வரணும்னா நீங்களே இறங்கி வந்து திறந்துக்குங்க."